சேர்ந்து செய்த சுவரோவியத்தைத் தோழி தன்னுடையதென்று சொல்கிறாள்: எப்படிக் கேட்பது?

கரையோரக்கோடு (திருகோணமலை) கேட்டது:

வணக்கம். சுவரோவியமும் விளம்பர ஓவியமும் தொழிலாகச் செய்பவர்கள் பலர் இங்கே இருப்பதால், வீட்டில் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

நானும் என் தோழியும் உயர்தரத்தில் சித்திரப் பாடத்தை ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளுடைய அம்மாவை நான் இன்றும் சித்தி என்றுதான் அழைக்கிறேன். மாரி முடிந்த கையோடு, உப்புவெளியில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பறைச் சுவருக்கு ஓவியம் வேண்டுமாம் என்ற செய்தியை அவள்தான் கொண்டுவந்தாள். உரிமையாளரோடு கூலி பேசியது, முற்பணம் வாங்கியது, நகரத்துக் கடையில் வர்ணம் வாங்கிச் சேர்த்தது, முடிந்த பிறகு படம் பிடித்தது எல்லாம் அவளுடைய வேலை. ஓவியத்தின் எண்ணமும் வரைவும் என்னுடையவை. டச்சு வளைகுடாக் கரையில் இருந்து பார்த்தால் தெரியும் சுவாமிமலையையும், கரைவலை இழுப்பவர்களையும், கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களையும் நான் நெடுநாளாகவே என் கொப்பியில் நீர்வர்ணத்தில் தீட்டி வைத்திருந்தேன். அவற்றைக் கைத்தொலைபேசியில் ஐபிஸ்பெயிண்ட் செயலியில் ஒன்றாக ஒழுங்குபடுத்தி, பதினான்கடி அகலச் சுவரில் கட்டம் போட்டுப் பெருப்பித்து, கோடும் முகங்களும் நிழலும் நானே வரைந்தேன். கடலுக்கும் வானத்துக்கும் உரிய பரந்த நிறங்களை, நான் குறித்துக் கொடுத்தபடி அவள் பூசினாள். கூலியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஓவியத்தின் கீழே பெயர் எழுதுவோமா என்று நான் கேட்டபோது, உரிமையாளர் சுவரில் எழுத்து இருப்பதை விரும்பமாட்டார் என்று அவள் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரத்துக்குள் அவளுடைய முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் "எனது புதிய சுவரோவியம்" என்ற வரியோடு படங்கள் வந்தன. சேர்ந்து வேலை செய்த நாட்கள் மறக்க முடியாதவை என்று நான் எழுதிய பின்னூட்டத்துக்கு ஓர் இதயக்குறி மட்டும் போட்டாள். வேறு ஒருவர், மான்களின் கண்களை எப்படி இவ்வளவு உயிரோடு வரைந்தீர்கள் என்று கேட்டதற்கு, பொறுமைதான் காரணம் என்று பதில் எழுதியிருக்கிறாள். அந்தக் கண்களை நான் சாரத்தின் மேல் குந்தியிருந்து வரைந்தபோது அவள் அந்த இடத்திலேயே இல்லை.

இப்போது அந்தப் படங்களைப் பார்த்து நிலாவெளியில் உள்ள ஒரு விடுதியில் இருந்து இரண்டு சுவர்களுக்கு அவளை அழைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பருவம் தொடங்குமுன் முடிக்க வேண்டுமாம். "நீயும் வந்து கொஞ்சம் கைகொடு" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அந்தச் சொல்தான் என்னை இரவில் உறங்கவிடாமல் செய்கிறது.

அவளை எல்லோர் முன்னிலையிலும் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. நகரம் சிறியது, எங்கள் இரு வீடுகளும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆனாலும் பேசாமல் இருந்தால் அடுத்த சுவரும் இதே வழியில்தான் போகும். இதை எப்படிக் கேட்பது, சட்டத்தில் எனக்கு ஏதாவது இடம் உண்டா, நிலாவெளி வேலைக்குப் போகலாமா என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையதூரிகை (மூதூர்) எழுதியது:

பிள்ளை, நான் பெயர்ப்பலகை எழுதி, மேடைத் திரை தீட்டி, கோயில் வர்ணவேலைக்கும் போய்வந்த ஆள். இப்போது கண் மங்கியதால் தூரிகையை வைத்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் பெயர், வேலையைப் பிடித்தவருக்குத்தான் போகும். கோயில் வேலையில் ஒப்பந்தம் எடுத்த தலைமை ஆசாரியின் பெயர் இருக்குமே தவிர, உச்சித்தட்டில் ஏறி நின்று பதுமைக்குக் கண் திறந்தவன் யாரென்று ஊருக்குத் தெரியாது. பலகையின் மூலையில் எழுதிய கடைப்பெயரும் முதலாளியுடையதே. அதனால் உங்கள் தோழி, வேலையைக் கொண்டுவந்தவள் நான், ஆகவே வேலை என்னுடையது என்று மனத்தில் உண்மையாகவே நம்பியிருக்கக்கூடும். களவு என்ற எண்ணத்தோடு பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சு ஐந்து நிமிடம்கூட ஓடாது. வேலை பிடிப்பதும் சின்ன விடயமில்லை. எத்தனையோ நல்ல கைகாரர்கள் ஆளிடம் கூலி பேசத் தெரியாமலே காய்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கதையில் இரண்டு இடம் அந்த வழக்கத்துக்குள் அடங்கவில்லை. கூலியைச் சரிபாதியாகப் பிரித்தீர்கள் என்றால் நீங்கள் அவளிடம் கூலிக்கு நின்றவர் இல்லை, பங்காளி. ஒப்பந்தக்காரருக்குக் கீழே வேலை செய்பவருக்கு நாட்கூலிதான் கிடைக்கும், பாதி கிடைக்காது. அடுத்தது அந்த மான்கண். யார் வரைந்தது என்று நேராகக் கேட்டவருக்கு, வரையாதவர் பதில் சொல்லக்கூடாது. எங்கள் காலத்து முதலாளிமார்கூட, நல்லாயிருக்கிறதே, யார் தீட்டியது என்று யாராவது கேட்டால், அந்தா நிற்கிறானே அவன்தான் என்று கையைக் காட்டுவார்கள்.

நிலாவெளிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசாமல் போகக்கூடாது. "கைகொடு" என்ற சொல்லோடு நீங்கள் சாரத்தில் ஏறினால், இறங்கும்போதும் அந்தச் சொல்லோடுதான் இறங்குவீர்கள். முதலில் பேச்சு, பிறகு தூரிகை.

நீதிக்கோல் (திருகோணமலை) எழுதியது:

சட்டத்தைப் பற்றிக் கேட்டதால் அதை மட்டும் எழுதுகிறேன். இது பொதுவான விளக்கமே. உங்கள் ஆவணங்களைப் பார்த்துத் தரும் ஆலோசனை ஆகாது.

இலங்கையில் இந்த விடயத்தை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆள்கிறது. ஓவியம் வரையப்பட்ட கணத்திலேயே அதற்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. கொழும்பில் போய்ப் பதிந்தால்தான் உரிமை என்று பலர் நம்புவது வர்த்தகக் குறியையும் பதிப்புரிமையையும் ஒன்றாகக் கலந்துகொள்வதால் வருவது.

இந்தச் சட்டம் ஓவியருக்கு இரண்டு வகை உரிமைகளைத் தருகிறது. பிரதிசெய்வது, விற்பது, பொதுமக்களுக்கு வெளியிடுவது போன்றவை பொருளாதார உரிமைகள். தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோருவதும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதும் 10 ஆம் பிரிவு சொல்லும் தார்மீக உரிமைகள். உங்கள் விடயத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. ஏனென்றால் 14 ஆம் பிரிவின்படி, ஒருவர் கூலி கொடுத்துச் செய்வித்த படைப்பின் முதல் உரிமையாளர், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், செய்வித்தவரே. அதாவது சுவரில் உள்ள ஓவியத்தின் பொருளாதார உரிமை உங்களுக்கும் இல்லை, உங்கள் தோழிக்கும் இல்லை. அது பெரும்பாலும் விடுதி உரிமையாளரிடம் இருக்கும். பெயருக்கான உரிமை அப்படிக் கைமாறுவதில்லை. பொருளாதார உரிமை யாரிடம் போனாலும் அது வரைந்தவரிடமே தங்கும். அதை விட்டுக்கொடுப்பதாக இருந்தால்கூட எழுத்தில், எந்த உரிமை என்று தெளிவாகக் குறித்து விட்டுக்கொடுக்க வேண்டும். உரிமையாளர் விரும்பமாட்டார் என்று தோழி வாயால் சொன்னதும், நீங்கள் பேசாமல் இருந்ததும் அந்த விட்டுக்கொடுப்பாக ஆகிவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொப்பியில் இருக்கும் நீர்வர்ண ஓவியங்கள் விடுதி வேலை வருவதற்கு முன்பே நீங்கள் உங்களுக்காக வரைந்தவை. அவற்றின் எல்லா உரிமைகளும் உங்களுடையவை. அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள்; பின்னாளில் நாள் குறிக்காமல், இருப்பதை இருந்தபடியே வையுங்கள். சுவரோவியத்தின் மூலம் எது என்று காட்ட அதைவிட நல்ல சான்று தேவைப்படாது.

படைப்பின் மீது வழமையான முறையில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே அதை ஆக்கியவர் என்று, மறுப்புச் சான்று வரும்வரை, சட்டம் கருதிக்கொள்ளும். சுவரின் மூலையில் இருக்கும் இரண்டு சொல் கையொப்பம் எவ்வளவு பெறுமதியானது என்பது இதிலிருந்து விளங்கும்.

முகநூல் நிறுவனத்திடம் பதிப்புரிமை முறைப்பாடு செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் படிவம் உரிமையாளருக்கானது. இங்கே உரிமையாளர் யார் என்பதே கேள்வி. படங்களைப் பிடித்தவரும் உங்கள் தோழி. எல்லாவற்றுக்கும் மேலாக, முறைப்பாடு வெற்றிபெற்றால் பதிவு நீக்கப்படுமே ஒழிய உங்கள் பெயர் அதில் சேராது. வழக்கைப் பற்றியும் இந்த அளவில் யோசிக்க வேண்டாம்; செலவு கூலியை விழுங்கிவிடும். சட்டம் உங்களுக்குத் தருவது, நீங்கள் கேட்பது தயவு அல்ல என்ற தெளிவை.

ஒரு கேள்வி. சுவரில் உள்ள உருவங்களில் எதையாவது உங்கள் தோழி தானே கோடு போட்டு வரைந்தாரா? நீங்கள் குறித்துத் தந்தபடி நிறம் நிரப்பியது மட்டும் என்றால் அவர் ஆக்கியவர் ஆகமாட்டார். ஒரு பகுதியையேனும் தன் எண்ணப்படி வரைந்திருந்தால் அது கூட்டுப் படைப்பு ஆகலாம். அப்போது "எனது" என்பது அவருக்குப் பொருந்தாதது போலவே உங்களுக்கும் பொருந்தாது.

கடல்நீலம் எழுதியது:

இவ்வளவு மென்மை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வரைந்த ஒவ்வொரு கட்டத்தின் படத்தையும் அவளுடைய பதிவின் கீழேயே போடுங்கள். அமெரிக்காவில் மார்கரெட் கீன் என்ற ஓவியரின் படங்களை அவருடைய கணவர் தன்னுடையவை என்று விற்றார். 1986 ஆம் ஆண்டு ஹொனலுலு நீதிமன்றத்தில் இருவரையும் வரைந்து காட்டச் சொன்னபோது, அந்த அம்மா 53 நிமிடங்களில் வரைந்து முடித்தார், கணவரோ தோள் நோகிறது என்று சொல்லித் தப்பினார். உங்கள் தோழியையும் எல்லோரும் பார்க்க ஒரு மான் வரையச் சொல்லுங்கள்.

சாரத்தின்மேல் (மட்டக்களப்பு) எழுதியது:

கடல்நீலம் சொன்ன வழக்கு உண்மைதான். ஆனால் அந்த அம்மா 1970 ஆம் ஆண்டு வானொலியில் உண்மையைச் சொன்ன பிறகு அந்த நீதிமன்ற நாள் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. நடுவர் குழு விதித்த நாற்பது இலட்சம் டொலர் இழப்பீடும் மேன்முறையீட்டில் நிலைக்கவில்லை; அவதூறு நடந்தது என்ற முடிவு மட்டும் நிலைத்தது. மேலும், கீனுடைய கணவருக்கு வரையத் தெரியாது. இந்தத் தோழியோ உயர்தரத்தில் சித்திரம் படித்தவர், மானை நன்றாகவே வரைந்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போய் நிற்பது?

தங்கைக்கு, நான் பாடசாலைச் சுவர்களும் உணவகச் சுவர்களும் வரைந்து வாழ்பவள். இதே நிலையில் இருபுறமும் நின்றிருக்கிறேன். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

செய்தியில் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதிய வரியை அவர் சித்தியிடம் காட்டுவார், சித்தி உங்கள் அம்மாவிடம் கதைப்பார், மாலைக்குள் அது இரண்டு குடும்பத்தின் பிரச்சினையாகிவிடும். வீட்டிலும் கேட்காதீர்கள். வேலை செய்த அந்த விடுதிக்கே இருவரும் ஒருமுறை போய்வருவது நல்லது. சுவர் கண்முன்னால் இருக்கும்போது, யார் எதைச் செய்தோம் என்பதை விரலால் காட்டிப் பேசலாம். நினைவில் இருந்து பேசினால் இருவருக்கும் தத்தம் பங்கு பெரிதாகத் தெரியும்.

"ஏன் இப்படிச் செய்தாய்" என்று தொடங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அழுகையோ கோபமோதான் பதிலாக வரும், இரண்டினாலும் உங்களுக்குப் பயனில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாக்கிக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் அது இப்படி இருக்கலாம்: "இந்தப் பதிவு இரண்டிலும் என்னுடைய பெயர் வரவேண்டும். நீ வேலை பிடித்து, பொறுப்பு எடுத்து, நிறம் பூசியதையும் சேர்த்தே எழுது. அது இல்லாமல் நிலாவெளிக்கு என்னால் வரமுடியாது." பதிவில் போட வேண்டிய வரியையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வடிவமைப்பும் வரைதலும் இன்னார், ஒருங்கிணைப்பும் நிறப்பூச்சும் படப்பிடிப்பும் இன்னார் என்று இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும். எப்படித் திருத்துவது என்று யோசிக்கும் வேலையை அவரிடம் விட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். பழைய பதிவையே திருத்தச் சொல்லுங்கள். நீக்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லாதீர்கள். திருத்தினால் அவருக்குக் கிடைத்த விருப்பங்களும் பின்னூட்டங்களும் அப்படியே இருக்கும். அவருக்கு எதுவும் குறையவில்லை என்று தெரிந்தால் தயக்கம் பாதியாகும். மான்கண்ணைப் பற்றிக் கேட்டவருக்கும் ஒரு வரி பதில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆள் நாளைக்கு ஒரு வாடிக்கையாளராக வரக்கூடும்.

அவர் என்ன சொல்லக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். "நாங்கள் இருவரும்தானே செய்தோம்" என்றால், அதைத்தான் எழுதச் சொல்கிறேன் என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். "உன்னிடம் இப்படி எதிர்பார்க்கவில்லை" என்றால் அதற்குப் பதில் சொல்லப் புறப்படாதீர்கள். மறுபடியும் அந்த வாக்கியத்துக்கே வாருங்கள். சரி என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அதிகம் நடக்கும். அதற்காக ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலாவெளி விடுதிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளே போதும்.

அந்த நாளும் கடந்துபோனால், உங்கள் பக்கத்தில் நீங்கள் ஒரு பதிவு போடலாம். ஐபிஸ்பெயிண்ட் நீங்கள் வரையும்போதே வரைதலைக் காணொளியாகப் பதிந்து வைத்திருக்கும். அதையும் கொப்பிப் பக்கங்களையும் சுவரையும் வரிசையாக வைத்து, இந்த ஓவியம் உருவான விதம் என்று எழுதுங்கள். தோழியின் பெயரையும் அவர் செய்த வேலையையும் நியாயமாகக் குறியுங்கள். குற்றச்சாட்டாக ஒரு சொல்லும் வேண்டாம். பார்ப்பவர்களுக்குத் தானாகவே விளங்கும். மூலக் கோப்பை வேறு எங்காவது சேமிக்க நினைத்தால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வைக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நாள் முதலிய விபரங்களையும் கழற்றிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே இருக்கும்.

கரையோரக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையதூரிகை ஐயா எழுதியதைப் படித்தபோது முதலில் மனம் சுருங்கியது. இரண்டாம் முறை படித்தபோதுதான், பாதிக் கூலி என்பதை நான் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை என்று தெரிந்தது.

நீதிக்கோல் கேட்டதற்குப் பதில்: கரைவலைக்காரர்களுக்குப் பின்னால் கரையில் ஏற்றிவைத்த இரண்டு தோணிகள் இருக்கின்றன. என் வரைவில் ஒரு தோணிதான் இருந்தது. இடது பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று சொல்லி மற்றதைத் தோழி தானே வரைந்தாள். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள், அது இல்லாவிட்டால் அந்தப் பக்கம் உண்மையாகவே வெறுமையாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. இன்று காலை அந்த விடுதிப் பக்கம் போனபோது உரிமையாளரைச் சந்தித்தேன். சுவரில் பெயர் எழுதுவதை விரும்புவீர்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் வியப்போடு, யாரும் என்னிடம் கேட்கவே இல்லையே, பெயர் இருந்தால் வருகிற உல்லாசப் பயணிகளுக்குச் சொல்ல இலகுவாக இருக்குமே என்றார். தோழி அவரைக் கேட்காமலே சொன்னாளா, வேறு யாரோ சொன்னதை நம்பினாளா என்பது எனக்குத் தெரியாது. இதை அவளிடம் எடுப்பதா விடுவதா என்று புரியவில்லை.

நீதிக்கோல் எழுதியது:

அந்தத் தோணியினால் விடயம் சற்று மாறுகிறது. அவருடைய எண்ணத்திலும் கோட்டிலும் வந்த பகுதி இருக்கிறபடியால், சுவரோவியத்தைக் கூட்டுப் படைப்பு என்று அவர் சொல்ல இடமுண்டு. அதனால் உங்கள் கோரிக்கை வலுவிழக்கவில்லை. கூட்டுப் படைப்பில் இருவருக்கும் பெயர் உரிமை உண்டு. ஆனால் வரைதல் முழுவதும் நான் என்று எழுதிக் கேட்பதைத் தவிர்த்து, தோணியை அவர் பெயரில் குறிப்பிடுங்கள். கொப்பியிலும் செயலிக் கோப்பிலும் ஒரு தோணி மட்டும் இருப்பதால், அவர் சேர்த்தது எது என்பதற்கும் அதே ஆவணங்கள்தாம் சான்று.

சாரத்தின்மேல் எழுதியது:

உரிமையாளர் சொன்னதை ஒரு பொய்யைப் பிடித்த மாதிரி எடுத்துவைக்காதீர்கள். "முதலாளிக்குச் சம்மதமாம், வா, இருவர் பெயரையும் எழுதிவிட்டு வருவோம்" என்று அழையுங்கள். முன்பு சொன்னது எப்படி வந்தது என்பதை அவர் சொல்ல விரும்பினால் அந்த இடத்தில் சொல்லுவார். சொல்லாவிட்டால், அடுத்த வேலையில் உரிமையாளரோடு பேசும்போது நீங்களும் கூட இருக்க வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளிக்குப் போவதாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஒப்பந்தம் வேண்டாம். வடிவமைப்பு யாருடையது, சுவரில் எந்தப் பெயர்கள் எந்த வரிசையில் வரும், பதிவில் என்ன வரி எழுதப்படும், வேலை பிடித்ததற்கு எவ்வளவு, வரைந்ததற்கு எவ்வளவு, முற்பணம் யார் கையில், மழை வந்து நாள் தள்ளினால் என்ன என்பவை போதும். வடிவமைப்பை விடுதிக்கு அனுப்பும்போதே இருவர் பெயரையும் அதன் அடியில் எழுதி அனுப்புங்கள். அதன் பிறகு நீங்கள் கைகொடுக்க வந்தவர் என்று அங்கே யாரும் நினைக்கமாட்டார்கள். தோழி இந்தத் தாளில் ஒப்பமிடத் தயங்கினால் அந்த வேலையை அவரே செய்யட்டும். சுற்றுலாப் பருவம் வரும்போது உப்புவெளியில் சுவர்களுக்குப் பஞ்சம் இருக்காது.

பழையதூரிகை எழுதியது:

பெயர் எழுதப் போகும்போது ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிள்ளை. கடலோரச் சுவரில் தரையோடு ஒட்டிய பகுதியில் உப்புப் பூத்து வர்ணம் உரியும். கீழ் விளிம்பில் எழுதினால் இரண்டு மாரி தாங்காது. வலது பக்கத் தோணியின் அடியில், தரையிலிருந்து இரண்டடியாவது மேலே, மணல் நிறத்தைவிட ஒரு படி கருமையான அக்ரிலிக்கில் சிறிதாக எழுதுங்கள். எழுதுமுன் அந்த இடத்தில் இருக்கும் வார்னிஷை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எழுத்து பிடிக்காது. காய்ந்த பிறகு மேலே மறுபடியும் வார்னிஷ் பூசிவிடுங்கள். ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.